நடுவில் வளையும் கோடு

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்துச் சுவர் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. வாடகைக்கு வீடு, பழைய மெத்தை, காணாமல் போன நாய் என்று பொடி எழுத்தில் வரும் வரி விளம்பரப் பக்கங்களாகப் பொறுக்கி எடுத்து, நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று அவள் ஒட்டியிருந்தாள். புது லென்ஸைச் சோதிப்பதென்றால் அவளுக்குத் தெரிந்த வழி இதுதான். மூலையில் இருக்கும் நாயின் அடையாளமும் நடுவில் இருக்கும் மெத்தையின் அளவும் படத்தில் ஒன்றுபோல வாசிக்க வர வேண்டும். வராவிட்டால், எவ்வளவு பளபளப்பான பெட்டியில் வந்த லென்ஸானாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

சாப்பாட்டு மேசை சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நாற்காலிகள் படுக்கையறைக்குப் போயிருந்தன. வெளியே புழுதிக்காற்று. மழை வருவேன் வருவேன் என்று மூன்று நாளாக ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினால் வேர்த்தது, திறந்தால் செய்தித்தாள் படபடத்தது. அவளும் ஜன்னலைச் சாத்துவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"இன்னிக்குச் சோறு உண்டா, இல்ல நாய் விளம்பரத்தைப் படிச்சிட்டே படுத்துக்கணுமா?" என்றான் கணவன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவள் எடுக்கும் படங்களைச் சீர்செய்வது அவன் வேலை. உட்காருவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"பருப்பு இருக்கு, முட்டை இருக்கு. கை இருக்கு."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

நாத்தனார் சிரித்தாள். அன்றைக்கு அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். அந்த லென்ஸைக் கொண்டுவந்ததே அவள்தான். கடைவீதியில் பெரிய கேமராக் கடையில் அவளுக்கு வேலை. அந்த ரகத்தில் கடைக்கு வந்திருக்கும் முதல் லென்ஸ் அது. பத்து மில்லிமீட்டரிலிருந்து இருபது வரை போகிற அல்ட்ரா வைடு ஜூம். அண்ணி பார்த்துச் சரியென்று சொன்னால் இன்னும் பத்து வரவழைப்பதாகவும், வைடு லென்ஸ் பகுதி முழுவதையும் நாத்தனார் பொறுப்பில் விடுவதாகவும் முதலாளி சொல்லியிருந்தார். வழக்கமாக, அண்ணி சோதிக்க வேண்டிய லென்ஸைக் கடை ஆள் ஒருவர் காரில் கொண்டுவந்து கொடுப்பார். இந்தத் தடவை நாத்தனார், "என் பொறுப்பு சார்" என்று கையெழுத்துப் போட்டு வாங்கி, மடியில் வைத்த பிள்ளை மாதிரி ஸ்கூட்டரில் கொண்டுவந்திருந்தாள்.

கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு வருஷமாகிறது அவளுக்கு. வந்த நாள் முதல் பக்கத்து அறை அவளுடையது. அதற்கு முன்னால் அது அவளுடைய அண்ணியின் வேலை அறை. அறையைக் காலி செய்து கொடுத்தபோது அண்ணி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாத வார்த்தை எங்கே போகும் என்று அப்போது யோசிக்கவுமில்லை.

விற்பனைக்கும் வாடகைக்கும் வரும் காலி வீடுகளைப் படமெடுப்பது அண்ணியின் தொழில். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் வீட்டு மூலைகளில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். சின்ன அறையை மூன்று சுவரும் தெரிய ஒரே படத்துக்குள் அடக்க வேண்டுமானால் நன்றாக அகலமாகப் பார்க்கிற லென்ஸ் வேண்டும். அந்த ஜாதி லென்ஸுக்கெல்லாம் கோட்டை வளைக்கிற புத்தி உண்டு. ஓரத்தில் இருக்கும் கதவு நிலை பீப்பாய் மாதிரி வயிறு தள்ளும். எது எவ்வளவு தள்ளுகிறது என்று கேமராவில் கண்ணை வைத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். கட்டட வேலைக்காரர்கள் தாங்கள் மட்டம் பார்க்கிற கருவியின் பெயரையே அவளுக்கு வைத்திருந்தார்கள், ரசமட்டம். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவள் காதில் விழுந்திருக்கிறது. கேட்காத மாதிரி நடந்து, படியிறங்கிய பிறகு சிரித்துக்கொள்வாள்.

மூலைகள் தேறின. வெளிச்சத்துக்கு எதிரே ஜன்னலைப் பார்த்து எடுத்ததும் தேறியது. ஜூம் வளையம் வெண்ணெயில் சுற்றுவது போலச் சுற்றியது. "நல்லா இருக்கே" என்று அவளே முணுமுணுத்தாள். நாத்தனார் சமையலறையில் முட்டை உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

கடைசியாக எதிர்ச்சுவர் அலமாரியின் நடுத்தட்டைப் பார்த்தாள். இடது கண்ணை இடுக்கி, வலது கண்ணை வைத்து. தட்டு, நடுவுக்குச் சற்று இடப்பக்கம், லேசாகத் தொய்ந்திருந்தது. ஈரத்துணி காயப்போட்ட கொடி மாதிரி.

கேமராவை இறக்கிப் பார்த்தாள். தட்டு நேராக இருந்தது. மறுபடி வைத்தாள். தொய்வு அங்கேயே இருந்தது.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல, இரு."

ஸ்டாண்டை நகர்த்தினாள். நாற்காலி போட்டு ஏறி நின்று பார்த்தாள். குப்புறப் படுத்துப் பார்த்தாள். முக்கால் மணி நேரம் அந்த வீட்டில் நேராக இருந்த ஒரு பொருளையும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் அதே இடத்தில் தொய்ந்தன. வைடு லென்ஸில் ஓரம் வளைவது இயல்பு, இரண்டு ஓரமும் ஒன்றுபோல வளையும். நடுவில் ஒரு பக்கமாக வளைந்தால் அதற்கு அர்த்தம் வேறு. உள்ளே ஒரு கண்ணாடி இடம் மாறியிருக்கிறது. கண்ணாடி இடம் மாறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்.

"படத்துல நேராத்தானே இருக்கு" என்றான் கணவன், திரையைப் பார்த்து.

"அது சாஃப்ட்வேர் நேராக்கிடும். அதை எடுத்துட்டுப் பாருங்க."

"எடுத்துட்டேன். அப்பவும் நேராத்தான் இருக்கு."

அவள் வந்து குனிந்து பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. அவளுக்கு எரிச்சல் வந்தது. "அப்ப கண்ணாடி லூசா ஆடுது. நான் பார்க்கிறப்ப ஒரு இடத்துல நிக்குது, க்ளிக் பண்றப்ப அதிர்ந்து வேற இடத்துக்குப் போகுது."

"அப்படி ஆடுமா?"

"பதினெட்டு வருஷமா யார் பார்க்கிறது, நீங்களா நானா?"

"நீதான் தாயே" என்று அவன் திரும்பிக்கொண்டான்.

முட்டைத் தட்டோடு நாத்தனார் வாசலில் நின்றிருந்தாள்.

"அண்ணி, நான் கீழ போடல."

"போட்டேன்னு நான் சொன்னேனா?"

"சொல்லாம சொல்றீங்க."

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். உள்ள நகர்ந்திருக்கு. கடையிலயே நகர்ந்திருக்கலாம், வர்ற வழியில நகர்ந்திருக்கலாம்."

"வர்ற வழி முழுக்க என் மடியிலதான் இருந்தது." சொல்லிவிட்டு யோசித்தாள். "பாலத்துக்கிட்ட ஒரு பள்ளத்துல வண்டி இறங்குச்சு. ஆனா மெதுவாத்தான். மெதுவாத்தான் இறங்குச்சு அண்ணி."

சாயங்காலம் முதலாளியே கூப்பிட்டார். எடுத்த அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவது அவள் பழக்கம், அது அவருக்கும் தெரியும்.

"நடுவுல கோடு தொய்யுது சார். உள்ள கண்ணாடி நகர்ந்திருக்கு. மத்தபடி நல்ல லென்ஸ்."

"வந்தப்ப நல்லா இருந்ததே மேடம். அது தானா நகருமா?"

கூடத்தில் நாத்தனார் செய்தித்தாள்களை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் உரித்தாள். போனில் இருந்தவளுக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. "சொல்ல முடியாது சார்" என்று சொல்லியிருக்கலாம். "இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்" என்றும் சொல்லியிருக்கலாம். அவள், "நகராது" என்றாள்.

சொன்னபோது நாக்கில் ஏதோ இனித்தது. மிகக் கொஞ்சமாக, கற்கண்டுத் தூள் அளவுக்கு. என்ன இது என்று திகைப்பதற்குள் கரைந்துபோனது.

மறுநாள் காலை நாத்தனார் டீயைக் கூடக் குடிக்காமல் லென்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இவளுக்கும் பதினொரு மணிக்கு வேலை இருந்தது. புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வீடு. மத்தியானம் பால்கனிக் கம்பிக்குப் பெயின்ட் அடிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் எடுத்துவிட வேண்டும். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். நெற்றிப்பொட்டில் பத்து நாளாக இருக்கிற வலி இரண்டாம் மாடியில் துடிக்க ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

கூடத்தில் டைல்ஸ் மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடுக்குகளில் வெள்ளைச் சிமென்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. ஈரமா இருக்கு, ஓரமா நில்லுங்க. ஓரமா நிக்க உங்களுக்குச் சொல்லித்தரணுமா என்ன."

"இன்னிக்கு ரொம்பப் பேசறீங்க மேஸ்திரி."

"பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கா. பேச ஆளில்ல."

அவள் மூலையில் ஒட்டி நின்று தன்னுடைய பழைய லென்ஸை மாட்டினாள். ஒன்பது வருஷத்து லென்ஸ். அதன் குற்றங்குறைகள் கணவனின் குறட்டை மாதிரி அவளுக்கு மனப்பாடம். கண்ணை வைத்தாள். தரை வரிவரியாக எதிர்ச்சுவர் வரைக்கும் ஓடியது. மூன்றாவது வரிசை, நடுவுக்கு இடப்பக்கம், தொய்ந்திருந்தது.

"மேஸ்திரி, அந்த மூணாவது வரிசை இறங்கியிருக்கு."

அவர் கை நின்றது. "எந்த மூணாவது?"

"ஜன்னல்லேர்ந்து மூணாவது. நடுவுல."

"அம்மா, சுவர் கோணல்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். அது நான் கட்டினது இல்ல. டைல்ஸ் நான் போட்டது. ஒரு நூல் இறங்கியிருந்தா நாக்கைப் பிடுங்கிக்கறேன்." இடுப்பிலிருந்து நூல்கண்டை எடுத்து ஒரு முனையில் ஆணியை ஊன்றி, மறுமுனைக்குத் தவழ்ந்து போய் இழுத்துப் பிடித்தார். விரலால் சுண்டினார். நூல் அதிர்ந்து நின்றது. அதன் அடியில் வரிசை மயிரிழை விலகாமல் ஓடியது.

"இப்ப சொல்லுங்க."

அவள் கேமராவை இறக்கியிருந்தாள். "நேராத்தான் இருக்கு."

"கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பாருங்கம்மா."

"நான் கண்ணாடி போடறதில்ல."

"அப்ப போடற வயசு வந்தாச்சு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேமரா இல்லாமல், வெறுமனே, இடது கண்ணை மூடினாள்.

நூல் தொய்ந்தது.

பார்வையைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினாள். தொய்வும் கூடவே நகர்ந்தது. ஜன்னல் சட்டத்துக்குப் போனாள், அங்கேயும் வந்தது. கதவு நிலைக்குப் போனாள். நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்து உட்கார்ந்தது. வலது கண்ணை மூடி இடது கண்ணைத் திறந்தாள். நூல், ஜன்னல், கதவு எல்லாம் நிமிர்ந்து நின்றன.

லென்ஸ் கேமராவோடு கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும், வீட்டு அலமாரி வளைந்து தெரிந்த உடனேயே, கண்ணில் ஏதோ கோளாறு என்று டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். கோடு வளைந்தால் லென்ஸைத் திட்டுகிற தொழில் அவளுடையது. பதினெட்டு வருஷத்தில் வளைந்த கோடு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு லென்ஸ் இருந்திருக்கிறது. இந்தப் பக்கம் இருப்பதைச் சோதிக்க ஒருநாளும் தோன்றியதில்லை.

"என்னம்மா, மயக்கமா? தண்ணி குடிக்கிறீங்களா?"

"இல்ல மேஸ்திரி. வரிசை நேரா இருக்கு. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"விடுங்க. நீங்க தப்புன்னு சொன்னா நானே ஒரு நிமிஷம் ஆடிட்டேன். என் கை மேலேயே சந்தேகம் வந்துடுச்சு."

அப்போதுதான் அவளுக்கு நாத்தனார் பள்ளத்தைப் பற்றிச் சொன்னது சுருக்கென்று நினைவுக்கு வந்தது. மெதுவாத்தான் இறங்குச்சு அண்ணி.

கணவனைப் போனில் கூப்பிட்டாள்.

"ஏங்க, நேத்து அந்தப் படம் உங்களுக்கு நேராத்தானே தெரிஞ்சது?"

"ஆமா."

"அதை ஏன் உங்க தங்கச்சிகிட்ட சொல்லல?"

"நீ வளைஞ்சிருக்குன்னு சொன்னியே. உன்னை மீறி நான் என்ன சொல்றது?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "நானே உனக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன். முதலாளி அவளை ரெண்டு மணிக்கு உள்ள வரச் சொல்லியிருக்காராம். அந்தப் பகுதியை வேற ஆளுக்குக் குடுக்கப் போறாருன்னு கடையில பேச்சாம். பாத்ரூம்ல நின்னு அழுதுக்கிட்டே பேசினா. பள்ளத்துலதான் ஏதோ ஆயிருக்கும், நானே ஒத்துக்கிடலாமான்னு என்னைக் கேக்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன்."

மணி பன்னிரண்டரை. மீதி இரண்டு அறைகளை வியூஃபைண்டரில் பாராமல், கேமராவின் பின்திரையை இரண்டு கண்ணாலும் பார்த்தே எடுத்து முடித்தாள். கை வேலை செய்தது. மனசு கடைவீதிக்கும் வீட்டுக்குமாக அலைந்தது. முதலாளிக்குப் போன் செய்து, "மறுபடி பார்த்தேன் சார், லென்ஸ் நல்லாத்தான் இருக்கு" என்றால் என்ன? கண்ணைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்? கண் போனது தெரிந்தால் ரசமட்டம் போனது. ஊரில் இருக்கிற ஸ்டுடியோ ஒவ்வொன்றும் அந்தக் கடையில்தான் டீ குடிக்கிறது, சாயங்காலத்துக்குள் சேதி பரவிவிடும். ஆனால் அவர் நம்ப மாட்டார். நேற்று நகராது என்று அடித்துச் சொன்னவள் இன்றைக்கு மாற்றிச் சொன்னால், நாத்தனாருக்காகப் பூசி மெழுகுகிறாள் என்றுதான் நினைப்பார். அவள் சொன்னதை முறிக்க, அவள் கண்ணின் கோளாறைக் காட்டினால்தான் முடியும். வேறு எதுவும் எடுபடாது.

நேற்று இனித்ததையும் இப்போது நின்று பார்த்தாள். வலது கண் அவளைக் கேட்டுக்கொண்டு கெடவில்லை. அந்த இனிப்புக்கு அப்படிச் சொல்ல முடியாது. அறையைக் காலி செய்து கொடுத்த அன்று விழுங்கிய வார்த்தை இரண்டு வருஷமாகத் தருணம் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கிறது.

கடைக்குள் நுழைந்தபோது இரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள், முகம் கழுவிய ஈரத்தோடு. அண்ணியைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"வாங்க மேடம்" என்று முதலாளி எழுந்தார். "எதுக்கு வெயில்ல? போன்லயே சொல்லியிருக்கலாமே."

"லென்ஸ்ல குறை ஒண்ணும் இல்ல சார். நான் சொன்னது தப்பு."

அவர் நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தார். "புரியுது மேடம். வீட்டுப் பொண்ணு. நானா இருந்தாலும் வந்திருப்பேன்."

"இப்படிச் சொல்வீங்கன்னு தெரியும். உங்க கடையில இருக்கிற லென்ஸ்ல எதை வேணும்னாலும் மாட்டிக் குடுங்க. எதுன்னு சொல்ல வேண்டாம்."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒன்றை மாட்டி நீட்டினார். அவள் எதிரே இருந்த கண்ணாடி அலமாரியின் தட்டைப் பார்த்தாள். "நடுவுக்கு இடப்பக்கம், கொஞ்சம் கீழ. தொய்யுது."

அவர் வாங்கிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. இன்னொன்றை மாட்டினார்.

"அதே இடம்."

மூன்றாவதாகச் சின்ன லென்ஸ் ஒன்று. அகலமாகப் பார்க்காது, கோட்டை வளைக்கிற பேச்சே அதனிடம் கிடையாது.

"இதுலயும் அங்கதான் சார்." கேமராவை மேசை மேல் வைத்துவிட்டு, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வெறும் வலது கண்ணால் அலமாரியைப் பார்த்தாள். "இதோ, இப்பவும் அங்கதான்."

முதலாளி உட்கார்ந்துவிட்டார். "எவ்வளவு நாளா மேடம்?"

"தெரியல. இன்னிக்குக் காலையில கண்டுபிடிச்சேன். இந்த மாசம் நான் பார்த்துச் சொன்னதையெல்லாம் இன்னொருத்தர்கிட்ட காட்டிடுங்க. இந்த லென்ஸையும் காட்டுங்க. மூலை நல்லா இருக்கு, வெளிச்சத்துக்கு எதிரே நல்லா இருக்கு. நடுவை மட்டும் என்னைக் கேக்காதீங்க." நாத்தனாரைக் காட்டினாள். "இவ கீழ போடல."

"சரி மேடம்" என்றார் அவர். பிறகு நாத்தனாரிடம், யார் முகத்தையும் பாராமல், "நீ இவங்களைக் கூட்டிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போம்மா. மத்தது வந்து பேசிக்கலாம். உன்கிட்ட குடுக்கறேன்னு சொன்ன பகுதி உன்கிட்டதான்" என்றார்.

நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. புழுதிக்காற்று துப்பட்டாவை முகத்தில் அடித்தது. சாவியைப் போட்டவள் திருப்பாமலே நின்றாள்.

"நேத்திலேர்ந்து நான் அதை எங்க போட்டேன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன் அண்ணி. தூங்கல. பள்ளத்துல, மாடிப்படியில, கதவு இடிச்சப்ப… கதவு இடிக்கவே இல்ல. ஆனா காலையில எனக்கு அது இடிச்ச சத்தமே கேட்டுடுச்சு. போடாத ஒண்ணை நான் போட்டுட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்? அவர் தானா நகருமான்னு கேட்டப்ப நகராதுன்னீங்களே. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பவும் கண்ணுதானா?"

இதற்குக் கண்ணைக் காட்டித் தப்பித்திருக்கலாம்.

"இல்ல" என்றாள். "அது கண்ணு இல்ல."

நாத்தனார் அவளை நேராகப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து, விழுங்கி, மறுபடி எடுத்தாள்.

"அந்த ரூம்தானே?"

அண்ணி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. கூடத்துல படுத்துக்கிட்டிருப்பேன்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. "ஏறுங்க."

அவள் தயங்கி நின்றாள்.

"எனக்குக் கோபம் போகல. சீக்கிரம் போகும்னும் தோணல. லேட்டாப் போனா டோக்கன் குடுக்க மாட்டாங்க. ஏறுங்க அண்ணி."

ஏறி உட்கார்ந்தாள். பிடித்துக்கொள்ள முதுகுதான் இருந்தது. தொடலாமா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"பிடிச்சுக்குங்க" என்றாள் நாத்தனார், திரும்பாமல். "வழியில பள்ளம் இருக்கு."